‘வெறும் வாய்’ என்பவரின் அட்டை

ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்த ரகசியத்தை, உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் நான் வெளியிட்டேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறேன் என்ற பெருமையில் செய்தேன். இளம் நூலகர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

அறுபதுகளின் பிற்பாதியில், ஆரணி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கிளை நூலகராக இருந்தேன். காலமான போஸ்ட் மாஸ்டர் ஒருவரின் வீட்டிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் நன்கொடையாக வந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அவர் தம் செலவில் நடத்திய ‘அந்தர தீபம்’ என்ற மாத இதழின் பைண்டு வால்யூம்கள் ஒன்றில்; வாசகர் கடிதப் பதிவேடு மற்றதில். மூச்சுப் பயிற்சி, கனவுப் பலன், இறந்த பின் உயிர் போகும் வழி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதிதான். அதில் வாசகர்கள் தங்கள் உள் அனுபவத்தைப் புனைபெயரில் எழுதினார்கள். ‘எழுதுவோர் பெயர் எக்காலத்திலும் வெளிவராது’ என்று ஒவ்வோர் இதழின் உள்ளட்டையிலும் ஆசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்குக் கண் மங்கியதும் இதழ் நின்றது.

இந்த இதழின் வரலாற்றை நூலகர் மாநாட்டு மலரில் எழுத ஆசைப்பட்டேன். புனைபெயருக்கு உரியவர் யாரென்று தெரிந்தால் ‘காண்க’ என்று உண்மைப் பெயரைக் காட்டும் அட்டை போடுவது கேட்டலாக் முறை. பதிவேட்டில் ஒவ்வொரு புனைபெயருக்கும் எதிரே உண்மைப் பெயர் இருந்தது. அதைப் பார்த்து முப்பத்திரண்டு அட்டைகள் எழுதினேன்.

அட்டெண்டர் மாசிலாமணி அவற்றை வாசகர்கள் புரட்டும் கேட்டலாக் டிரேயில் அடுக்கிக்கொண்டே கேட்டார்: “இன்னா சார், பேர் போட மாட்டேன்னு அந்தப் பெரியவர் எழுதிக்கினு கீறாரு. நீங்க தேடித் தேடிப் போட்டுக்கினு கீறீங்க. பேஜாரு ஆவப்போவுது.”

“எழுதினவங்க யாரு மாசிலாமணி இன்னும் உயிரோட இருப்பாங்க?” என்றேன்.

ஒருவர் இருந்தார். ‘வெறும் வாய்: காண்க, கேசவாச்சாரி’ என்பது ஓர் அட்டை. பக்கத்துப் பெருமாள் கோயிலில் வரிசையாக நின்று பாசுரம் ஓதிச் சேவிக்கும் கோஷ்டியில் அவர் மூத்தவர். இருபத்தைந்து வயதில் அவர் எழுதிய கடிதம் இது: ‘சிறு வயது முதல் பாசுரம் சேவிக்கிறேன். வாய் பெருமாளிடம் இருக்கிறது. மனம் மடப்பள்ளிப் புளியோதரையிடம் இருக்கிறது. ஒரு நாளும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இதை யாரிடம் சொல்வேன்?’

பஞ்சாங்கம் தேடி வந்த கோஷ்டிக்காரர் ஒருவர் அந்த அட்டையைப் பார்த்தார். வால்யூமை வாங்கிப் படித்தார். மறுவாரம் மாசிலாமணி வந்து சொன்னார்:

“அந்தச் சாமியை வரிசையில நிக்க உடலியாம் சார். ‘வெறும் வாய்க்கு இங்க இன்னா வேலை’ன்னு கேட்டாங்களாம். அவரு ஊட்டுக்குப் போய்ட்டாராம்.”

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய், முப்பத்திரண்டு அட்டைகள் போட்ட கதையைச் சொன்னேன். “பேரை மாத்தி எழுதிட்டேன், அது என் தப்புன்னு கோயில்ல வந்து சொல்லிடறேன் ஸ்வாமி” என்றேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எழுதினது நான்தானே ஓய்? இல்லேன்னு நீர் சொல்லி, ஆமாம்னு நான் தலையாட்டிண்டு நிக்கணுமா? என்னோடது போயாச்சு. பாக்கி முப்பத்தோரு பேர் இருக்காளே, அவாளைப் பாரும்.”

முப்பத்திரண்டு அட்டைகளையும் எடுத்துக் கிழித்தேன். பதிவேட்டை அரக்கு முத்திரை வைத்துப் பீரோவில் பூட்டினேன். இதழின் வரலாற்றைப் பெயர்கள் இல்லாமல் எழுதினேன். ஆசிரியர் கொடுத்த வாக்கை ஒரு நூலகர் மீறினார் என்பதையும், அந்த நூலகர் நான் என்பதையும் அதில் சேர்த்தேன். மலர் வந்ததும் ஒரு பிரதியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோஷ்டியில் அவருக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில், சரியாகக் கோஷ்டி நேரத்துக்கு, அவர் நூலகத்துக்கு வர ஆரம்பித்தார். பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். பக்கம் திரும்பாது, உதடு மட்டும் அசையும். ஒரு நாள் துணிந்து கேட்டேன்: “இப்ப ஏதாவது தோணறதா ஸ்வாமி?”

“ஒண்ணும் இல்லை ஓய்” என்றார். “ஆனா நிறுத்த முடியலை.”

பிறகு நான் வேலை பார்த்த எந்த நூலகத்திலும் புனைபெயரைப் புனைபெயராகவே விட்டேன். அவர் வந்த காலம் வரை, சனிக்கிழமைகளில் அவர் உதடு தெரியும் எதிர் நாற்காலியில் யாரையும் உட்கார விட்டதில்லை.