மீன் தீனியில் ஒரு கை உப்பு

என் கணவருக்கு எதையும் வாயில் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. வளைகுடாவில் பல வருடம் தானே பொங்கித் தின்ற மனிதர். குழம்போ இட்லி மாவோ, ஒரு சொட்டு நாக்கில் வைத்து உப்பு பார்த்துவிட்டுத்தான் நகர்வார். மீனுக்குப் பிசைந்த மாவையும் ருசி பார்ப்பார் என்று நான் கண்டேனா?

கொல்லையில் இருக்கும் மீன் தொட்டி என்னுடையது. ஜிலேபிக் கெண்டை வளர்க்கிறேன். அந்தத் தண்ணீர் மோட்டாரில் பக்கத்து ஜல்லித் தொட்டிக்கு ஏறி, அங்கே நிற்கும் தக்காளிக்கும் புதினாவுக்கும் மீன் கழிவை உரமாகக் கொடுத்துவிட்டு, திரும்ப மீனிடமே இறங்கும். சுற்றுவது ஒரே தண்ணீர். உப்பு சேர்ந்தால் வெளியேற வழியில்லை, செடி கருகிவிடும். இதை அவரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜெகதாப்பட்டினத்திலிருந்து வரும் பொடிமீனைக்கூட உப்புப் போடாமல் காயவைத்ததா என்று கேட்டுத்தான் வாங்குவேன். அதை இடித்து, கடலைப் புண்ணாக்கு, தவிடு, முருங்கைக்கீரை எல்லாம் சேர்த்து மரவள்ளி மாவுக் கஞ்சி ஊற்றிப் பிசைவேன். கை வலிக்கிறதே என்று முறுக்கு உரலில் பிழிய அவரைக் கூப்பிட்டதுதான் வினை.

தக்காளி இலை ஓரமெல்லாம் தீய்ந்து வந்தது. புதினா செத்தே போனது. "எல்லாம் ஒன் தீனியாலதான். கடைத் தீனி வாங்கியிருந்தா இப்புடி ஆகுமா?" என்றார். கறம்பக்குடியில் இருக்கும் என் அண்ணனுக்கும் போன் போட்டு அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தொட்டியை விற்றுவிட ஆளும் பேசிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தீனியைப் பிசைந்து வைத்தேன்.

கொடியில் துணி எடுத்துவிட்டு உள்ளே வந்தால், உப்பு ஜாடிக்குள் அவர் கை.

"என்னங்க பண்றீங்க?"

"மாவு சப்புன்னு இருக்கு. ஒவ்வொரு தடவையும் நீ மறந்துடுற. நாந்தான் ஒரு கை போட்டுப் பிழியிறேன்."

"அதென்ன ஒங்களுக்குச் சுட்ட பலகாரமாங்க? உப்பு ஆகாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேடி. ஒரு கை உப்பு என்ன பண்ணிரும்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் அரிமளம் போனார். நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் நண்பரிடம் பேசிவிட்டு மத்தியானம் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"விசயம் தெரியுமா? உப்புதானாம் காரணம். அவரு சொல்றாரு. கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணிய மாத்துனாப் போதுமாம், தொட்டிய விக்க வேணாம். இனிமே நீ தீனியில உப்புப் போடாதே, என்ன?"

நான் போட்டேனாம்.

கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் வீம்புக்காகவே தொட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிற மனிதர். "சரிங்க" என்றேன். தொட்டி தங்கியது. தக்காளியும் இப்போது கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. பறிக்கப் போகும்போதெல்லாம் அந்தச் 'சரிங்க'தான் நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது.