மாமியாரின் மூன்று பதில்கள்

முன்பின் தெரியாதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது அவள் வேலை. எண்ணைக் கம்ப்யூட்டரே போடும். திரையில் வரும் கேள்வியை ஏற்ற இறக்கமில்லாமல் படிக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் மதியம் மறுமுனையில் "யாரு?" என்று கேட்டது அவள் மாமியார். தெரிந்தவர் என்றால் உடனே வைத்துவிட வேண்டும் என்பது விதி. கை போகவில்லை. மனசு சரியில்லாதபோது என்ன சாப்பிடத் தோன்றும் என்று முதல் கேள்வியைப் படித்துவிட்டாள்.

"என் மருமக வைக்கிற உருளைக்கிழங்கு சூப்புதான். ரெண்டு வாய் குடிச்சா நெஞ்சு லேசாயிடும்."

வீட்டில் அந்த சூப்புக்கு மாமியார் வைத்த பேர் 'கழுவின தண்ணி'.

பெட்ரோல் வண்டிக்குப் பதிலாக பேட்டரி சைக்கிள் ஓட்டுவீர்களா என்று அடுத்த கேள்வி. ஆசைதான், இந்த வயசில் கேட்டால் சிரிப்பார்கள் என்று பதில் வந்தது. மகன் அதை வாங்கலாமா என்றபோது பொம்மை வண்டி என்று வாயை அடைத்தவரும் இவர்தான். கடைசியாக, நாட்டு நடப்பைப் பற்றிக் கவலை உண்டா? வீட்டில் தேர்தல் பேச்சு எடுத்தாலே எவன் வந்தால் நமக்கென்ன என்று எழுந்து போகிறவர், இப்போது குரலைத் தணித்துக்கொண்டார்.

"பயமாத்தான் இருக்கும்மா. நியூஸ் பாத்த அன்னைக்குத் தூக்கமே வராது. சொன்னா டி.வி.யையே அணைச்சிடுவாங்க. அதான் வீட்டுல மூச்சு விடுறதில்ல."

நன்றி சொல்லி வைத்தாள். விதிப்படி அந்தப் பதிவை அழித்தாள். சந்தோஷப்படுவதா, இத்தனை வருஷம் வாங்கிய பேச்சுக்குக் கோபப்படுவதா?

வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமியார் முந்திக்கொண்டார். எவளோ போன் செய்து நொய் நொய் என்று கேட்டாளாம். இவரும் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாராம்.

"அதையெல்லாமா நிஜம்னு எழுதிக்குவாங்க?"

"எழுதிக்குவாங்க அத்தை."

"பாவம்" என்றார் மாமியார்.

எந்த வாய் சொன்னது உண்மை? யாரிடம் கேட்பது? புருஷனிடம் சொன்னால் ஊதிப் பெரிதாக்குவான். ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்கப் போகிற சாக்கில், மாமியாரை சைக்கிள் கடைக்குள் கூட்டிப் போனாள். பெயிண்ட் மட்டம், மணி மட்டம் என்று கடைக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டு, சட்டென்று ஒரு பேட்டரி சைக்கிளில் ஏறி, தெருமுனை திரும்பி மறைந்தே போனார் மாமியார். திரும்பி வந்தவர் முகம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"சீட்டு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

வாங்குகிறார்களா இல்லையா என்று கடைக்காரர் கேட்டார். தெரியலையே என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.