எந்த வரியில் இருக்கிறது?

போன திங்கட்கிழமை சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டிருந்தாள். அந்த வாசனை என்னிடம் வந்த நேரத்தில்தான் கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று தெலுங்கில் கேட்டார். "ரெண்டு" என்றேன்.

சீட்டைத் தந்தவர், இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் காலியாக இருந்தது. நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, பஸ் ஒத்துக்கொள்ளாது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மாதங்களெல்லாம் ஜன்னலோரம் அவர், கையில் எலுமிச்சம்பழம், இந்தப் பக்கம் நான். அவர் போய் நாற்பது நாளாகிறது. ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

புத்தலப்பட்டு வருவதற்குள் முனிலட்சுமி ஞாபகம் வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி. பாடத்தில் ஒரு சாகச நாவலின் பகுதி இருந்தது: கப்பல் உடைகிறது, அண்ணன் மூழ்கிவிட்டான் என்று தம்பிக்குச் சொல்கிறார்கள். தம்பிக்கு எப்படி இருந்தது, கதையிலிருந்தே சான்று காட்டு என்பது கேள்வி. கேள்வி முடியும் முன்பே கை தூக்குகிற ஜாதி நான். மிகவும் வருந்தினான் என்றேன்.

"எந்த லைன்ல கீது?" என்றாள் முனிலட்சுமி.

நான்கு பக்கம் புரட்டினேன். கண்ணீர் என்ற சொல்லே இல்லை. அப்படியானால் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று கட்சி மாறினேன். அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். "கட்ன கயித்தையே எதுக்குடி அவுத்து அவுத்து கட்டிக்கினு கீறான்? கைதான் அங்க கீது, ஆள் இல்ல."

ஒப்புக்கொள்ளவில்லை. மணி அடிக்கும்வரை வாதாடினேன்.

நைனா போன அன்று நான் அழவில்லை. டீ டம்ளர்களைக் கழுவினேன்; கழுவியதையே மறுபடி கழுவினேனோ, தெரியாது. நகரியிலிருந்து வந்த அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உன்னத்தான தோள்ல தூக்கிக்கினு திரிஞ்சாரு. உனக்கு ஒண்ணுமே இல்லியா?" நான் அடுத்த டம்ளரை எடுத்தேன். அக்கா அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நானும் எனக்குள் தேடிப் பார்த்தேன். அந்த நான்கு பக்கம் போலத்தான் இருந்தது.

அந்தப் பாடப்புத்தகம் பழைய பேப்பர்க்காரனிடம் போய்விட்டது. முனிலட்சுமி கல்யாணமாகி காளஹஸ்திப் பக்கம் போனாள். அவள் நம்பரும் மாறிவிட்டது. நீ சொன்னதுதான் சரி என்று இனி யாரிடம் சொல்வது?

அந்த பஸ் டிக்கெட் பர்ஸில் இருக்கிறது. பெரியவர்கள் 2 என்று ஒரு வரி. மிஷின் மை, இப்போதே வெளுக்கத் தொடங்கிவிட்டது. முழுவதும் போவதற்குள், நாளைக்கே நகரி போய் அக்காவிடம் காட்ட வேண்டும். அவள் நம்புவாளோ, மாட்டாளோ.

அதற்கு முன், பஸ்ஸில் ஒரு டிக்கெட் என்று சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.