உப்பு கேட்டுப் போன உத்தியோகம்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நம்பியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் என் அப்பா, இன்னொருவன் நான். வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறையை வைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கண்ணாடித் தகடுகளைக் கழுவித் துடைத்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைப்பது என் வேலை. துரை எது சொன்னாலும் "உய், மிசியே" என்று தலையாட்டுவது அதைவிட முக்கியமான வேலை.

அப்போது பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்து உறவு, பெண்ணின் அப்பா எனக்கு மாமன் முறை. பெண்ணை நான் பார்த்ததில்லை. மாமனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி: மாப்பிள்ளைக்கு அப்படி என்ன உத்தியோகம்? அது தெளிந்தால் வெற்றிலை பாக்கு மாற்றிவிடலாம் என்றிருந்தார்.

துரை ஒருநாள் என் கையில் ஒரு கூடை தகர டப்பிகளைக் கொடுத்து, அதே கிராமத்துக்குப் போய் வீட்டுக்கு வீடு "செல்" வாங்கி வரச் சொன்னார். செல் என்றால் உப்பு. அது எனக்குத் தெரிந்த சொல். தெரிந்த சொல் வந்துவிட்ட சந்தோஷத்தில் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் எந்த வீட்டில் உப்பைத் தூக்கிக் கொடுப்பார்கள்? லட்சுமியையே டப்பியில் கேட்டதுபோல் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். "சர்க்கார் உத்தரவு" என்று அதட்டி வாங்கினேன். மாமன் வீட்டிலும் அத்தை முணுமுணுத்தாள். மாமன்தான், "மாப்ள எதுனா காரணமாத்தான் கேப்பாரு, குடு" என்று பெருமையாகக் கொடுக்கச் சொன்னார்.

துரை முதல் டப்பியைத் திறந்தார். இரண்டாவதைத் திறந்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வயிற்றைத் தொட்டுக்காட்டி, சட்டென்று தரையில் குந்திக் காட்டினார். மலத்துக்கும் அவர்கள் மொழியில் அதே சத்தம்தானாம். நெல் வயலிலும் கரும்புக் கொல்லையிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் கேட்டது. ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடட்டுமா என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. "உய், மிசியே" என்றேன்.

மறுபடி போனேன், கோட்டு இல்லாமல். மற்ற வீடுகளில் சிரித்தபடி தாராளமாகவே கொடுத்தார்கள். உப்புக்குப் பட்ட பாடு இதற்கு இல்லை.

மாமன் வீட்டு வாசலில் நின்று, மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"இதான் உன் உத்தியோகமா?"

"ஆமா மாமா."

"ஊரு பூரா வெளிக்குப் போறத வாரிக்கினு போறவனுக்கா எம் பொண்ண குடுக்கறது? போடா இங்கேர்ந்து!"

கூடையை எடுத்தேன். அவமானத்தில் காது எரிந்தது. கல்யாணம் போனது போனதுதான் என்று திரும்பியபோது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் மூச்சிரைக்க வந்தது.

"அப்பா, அந்த டப்பிய வாங்கு. சோகை சோகைன்னு மந்திரிச்சு மந்திரிச்சு இன்னா ஆச்சு? என்னால வரப்புமேல நாலடி நடக்க முடியல."

மாமன் டப்பிக்குக் கையை நீட்டினார்.

அவள் பெயர் ஒட்டிய டப்பியை நானேதான் பார்த்தேன். கண்ணாடி முழுக்கப் புழு முட்டை. அவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் நடமாடியதே பெரிது என்று தோன்றியது. துரை கொடுத்த நாற்றமெடுத்த மருந்தை அன்றே கொண்டுபோனேன். அடுத்த அறுவடைக்குள் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது என்று அத்தை எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னாள். பின்னாலேயே மாமனும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன்பே அவள் மலத்தைப் பார்த்த மாப்பிள்ளை எங்கள் கொம்யூன் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். கல்யாணத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு வழி?

அவள் மட்டும் சிரிக்கவில்லை. தனியே இருந்தபோது தலை நிமிராமல் கேட்டாள்: "நெறைய இருந்துச்சா?"

"நெறைய."

"அதப் பாத்துட்டுமா கட்டிக்கினீங்க?"