போடி ஏலக்காய்க் கடையில் ஒரு கெர்னல் பிழை

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவனைச் சிரித்த முகத்தோடு யாரும் வரவேற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் எங்கள் ஞாபகம் யாருக்கும் வராது. நின்றுபோன நாளில், நாங்களே வந்து நிறுத்தியது போலப் பார்ப்பார்கள். மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர்கள், ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கிறவர்கள், பழுது பார்த்துப் பிழைக்கிற மற்ற எல்லோருக்கும் இது தெரியும். அப்படிப்பட்ட உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதியில் நான் மதுரையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன். தேனி, போடி, கம்பம் பக்கம் நாங்கள் விற்ற மெஷின்கள் எல்லாம் என் தலையில். அதில் ஒன்று போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் இருந்தது. ஒரே மெஷின், அதிலிருந்து கம்பி இழுத்து, திரையும் கீபோர்டுமாக இரண்டு டெர்மினல். ஒன்றில் சகாயமேரி என்ற பெண், எந்த எஸ்டேட்டிலிருந்து என்ன ரகம், எத்தனை மூட்டை வந்தது என்று அடிப்பாள். மற்றொன்றில் தங்கராசு, எந்த லாரியில் எந்த ஊருக்கு என்ன போயிற்று என்று அடிப்பார். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. அதற்குள் என் ஆயுசில் பாதி போய்விட்டது.

மூட்டைக்கு நடுவில் லாரி

முதல் புகாருக்குப் போனபோது முதலாளி காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஒரு பிரிண்ட் அவுட்டை என் மடியில் போட்டார். வண்டன்மேட்டுச் சரக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று நடுவில் லாரி நம்பரும் டிரைவர் பெயரும். அதோடு சில எஸ்டேட்டுகளின் மூட்டைகளைக் காணவே காணோம். மூட்டைகள் குடோனில் பத்திரமாக இருந்தன, மெஷினில்தான் இல்லை.

ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். கம்பிகளைப் பிடுங்கிச் சொருகினேன். சகாயமேரியின் டெர்மினலில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன், பிறகு தங்கராசுவின் டெர்மினலில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது முதலாளி சொன்னார்: “நீங்க இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கு தம்பி. பேசாம இங்கனயே ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கங்க.”

மெஷின் கேட்ட கேள்வி

இப்படிக் குழம்பிய டிஸ்க்கைச் சீர்படுத்த ஒரு புரோகிராம் உண்டு. அது டிஸ்க் முழுவதும் நடந்து பார்த்து, தகராறு இருக்கும் இடத்தில் நின்று, இதை அழிக்கலாமா வேண்டாமா என்று கேட்கும். நான் மதுரையிலிருந்து வந்து சேர்வதற்குள் கடையில் வேலை நின்றுவிடும் என்பதால் அதைச் சகாயமேரிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உத்தமபாளையம் பக்கத்துக் கிராமத்துப் பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, அந்தக் கடையில் வேலைக்கு வந்த முதல் பெண் என்ற பெயரோடு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த முறை போனபோது அவள் முகம் வாடி இருந்தது. அழிக்கலாம் என்று பதில் சொன்னால் பதிவு போய்விடுகிறது, வேண்டாம் என்றால் குழப்பம் அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் திட்டு வாங்குவது அவள்தான். “ரெண்டு பைலும் ஒரே இடத்தை என்னுதுங்குது சார். யாரைத் தள்ளுறதுன்னு மெஷினு என்கிட்டயே கேக்குது” என்றாள்.

மெட்ராஸ் சொன்னது

அவள் சொன்னதுதான் சரியான துப்பு. டிஸ்க்கில் எந்த இடம் காலி என்று பார்த்து, எந்த பைலுக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற ‘டிரைவர்’ என்ற சின்ன புரோகிராம் கெர்னலுக்குள் இருக்கிறது. கெர்னல் என்பது மெஷினின் மற்ற எல்லா வேலையையும் மேய்க்கிற அடிப்படை புரோகிராம். அந்த டிரைவரை எழுதியவர்கள் எங்கள் மெட்ராஸ் ஆபீசில் இருந்தார்கள். கடை போனிலிருந்தே டிரங்க் கால் போட்டேன். வெகுநேரம் காத்திருந்த பிறகு லைன் கிடைத்தது, அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. அதனால் அந்தப் பக்கம் இருந்த நண்பர் தொண்டை கிழியக் கத்தினார். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

“இங்க நல்லா ஓடுதேப்பா. ஆபரேட்டர் எதையாவது தப்பா அமுக்கியிருப்பாங்க. ஆளை மாத்தச் சொல்லு.”

பஜாரில் ஒரு பேர்

போனை வைத்தபோது சகாயமேரி தலை நிமிரவில்லை. ஏலக்காய் வியாபாரத்தில் ஒருவர் சரக்கு கணக்கில் காணாமல் போனாலோ இன்னொருவர் பேரில் ஏறினாலோ அதற்குக் கைப்பிழை என்று பெயர் வைக்க மாட்டார்கள், திருட்டு என்றுதான் வைப்பார்கள். எந்த எஸ்டேட்காரரிடம் கைநீட்டினாளோ என்று பக்கத்துக் கடைகளில் முணுமுணுப்பு தொடங்கியிருந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. வீரபாண்டித் திருவிழா முடிகிறவரை பார்ப்பதாகவும், அதற்குள் சரியாகாவிட்டால் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாகவும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வெறும் வேலைதானே, வேறு கடையில் சேர்ந்துகொள்வாள் என்பது போல நான் எதையோ சொல்லிவைத்தேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். “நான் நிறுத்துனா ஏன் நிறுத்துனேன்னு பஜாரு கேக்கும் தம்பி. நான் வாயே தொறக்க வேணாம், அவுகளா ஒண்ணு சொல்லிக்கிருவாக. அப்புறம் எவன் சேப்பான்?”

பஸ்ஸில் படித்தது

டிரைவரின் மூல நிரலை அச்சடித்துக் கொண்டுவந்து, மதுரைக்கும் போடிக்கும் இடையே பஸ்ஸில் படித்துக்கொண்டே போய் வந்தேன். மடிப்பு மடிப்பான கம்ப்யூட்டர் காகிதம், காற்றடித்தால் முன்சீட்டுக்காரர் கழுத்தில் போய் விழும். இன்னொரு குழப்பமும் இருந்தது. டிஸ்க் கெடும் நேரம் நாளுக்கு நாள் மாறியது. திங்கட்கிழமை என்றால் காலையில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வெள்ளிக்கிழமை நடுப்பகல். கரண்ட் மேல் பழிபோட்டுப் பார்த்தேன். கரண்ட்டுக்குக் கிழமை தெரியாது.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது, திராட்சைக் கூடையை மடியில் வைத்திருந்த கம்பத்துக்காரர் ஒருவர் என் காகிதங்களை நெடுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, பரிதாபமாகக் கேட்டார்: “இம்புட்டையும் படிச்சு, இந்த வயசுல என்ன பரீட்சை எழுதப் போறீக?”

வெள்ளிக்கிழமை

திருவிழா நெருங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். வழக்கமாக நான் போனதும் இருவரும் எழுந்து மெஷினை எனக்கு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு மலையிலிருந்து ஜீப் ஜீப்பாகச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் வேலை முடியட்டும், அதுவரை சும்மா உட்காருங்கள் என்றார் முதலாளி. முதல்முறையாகச் சும்மா உட்கார்ந்தேன்.

இருவரும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அடித்ததை டிஸ்க்கில் ஏற்றும் சேவ் கட்டளையை மட்டும் இருவரும் கொடுக்கவில்லை. பத்தரை மணியிலிருந்து அடித்தது எல்லாம் திரையோடு நின்றது. முதலாளி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு ஆனதும் கையை உயர்த்தி “ம்” என்றார். சகாயமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தட்டினாள், அதே நொடியில் தங்கராசுவும் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். தங்கராசு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ராகுகாலத்துல எவன் சார் சரக்கை வரவு வைப்பான்? உங்க மெட்ராசுல வைப்பாகளா?”

குடோன்காரர் கதை

மெட்ராஸ் ஆபீசில் வைப்பார்கள். அதனால்தான் அங்கே நன்றாக ஓடியது. இங்கே ஒன்றரை மணி நேரச் சரக்கு இரண்டு டெர்மினலிலிருந்தும் ஒரே மூச்சில் டிஸ்க்குக்குப் போகிறது. டிரைவர் கையில் வைத்திருக்கும் காலியிடப் பட்டியல் தீர்ந்ததும், அடுத்த பட்டியலை டிஸ்க்கிலிருந்து எடுத்துவரக் கொஞ்சம் காத்திருக்கும். காத்திருக்கும்போது கதவைப் பூட்டிவைக்க வேண்டும். எழுதியவர் பூட்டவில்லை. அந்த இடைவெளியில் மற்ற டெர்மினல் உள்ளே நுழைந்து அதே இடத்தை வாங்கிக்கொள்கிறது. பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு ஒன்று என இரண்டே வரி சேர்த்தேன். கெர்னலைப் புதிதாகக் கட்டி ஏற்றினேன். முதலாளியையே கையை உயர்த்தச் சொல்லி, இருவரையும் சேர்ந்து தட்டச் சொல்லி, அவர்கள் சலிக்கிறவரை சோதித்தேன். ஒரு மூட்டைகூட இடம் மாறவில்லை.

முதலாளிக்கு அவர் மொழியில் சொன்னேன். குடோன்காரர் ஒரு பார்ட்டிக்குக் காலி மூலையைக் காட்டிவிட்டு, அடையாளம் போடச் சாக்பீஸ் எடுக்கப் போகிறார். அதற்குள் வந்த இன்னொரு பார்ட்டியும் அதே மூலையில் மூட்டையை இறக்குகிறது. குற்றம் எங்கள் கம்பெனியுடையது, அந்தப் பெண் மேல் துளியும் தப்பில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ராகுகாலம் மெஷினுக்குள்ளேயே புகுந்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவர் அடுத்த கடைக்குச் சொன்னார். பெண்ணின் விஷயத்தை நான் மூன்றாம் தடவை எடுத்ததும் ஆச்சரியப்பட்டார். “அந்தப் பிள்ளையை யாரு தம்பி என்ன சொன்னா?”

விடைபெறும்போது

சகாயமேரியிடம் போய், இனிமேல் கவலை இல்லை, வேலை உறுதி என்றேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுத்த ஜீப்பின் மூட்டைகளை அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நான் செய்யலைன்னு தினமும் சொன்னேன் சார், ஒருத்தர் நம்பல. ராகுகாலம் செஞ்சுச்சுன்னதும் ஒடனே நம்பிட்டாக.”

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ பிழைகளைத் திருத்திவிட்டேன். எந்த ஊரிலும் முதல் சந்தேகம் மெஷின் மேல் விழுந்ததே இல்லை.