பாடகர் இல்லாத லண்டன் பாட்டும் அப்பாவின் மைக்கும்

என் கல்யாண வரவேற்பில் ஒலித்த லண்டன் பாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் தேடிக் கேட்பீர்கள். கேட்டுவிட்டு என்னைத் திட்டுவீர்கள். கிரைம் (Grime) என்று ஒரு வகை; குற்றம் இல்லை, அழுக்கு என்று அர்த்தம். இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில் கிழக்கு லண்டன் பையன்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உருவாக்கியது. இது அதன் ஆரம்ப காலத்து உருப்படி. பின்னால் வந்த பலர் இதைக் கேட்டுத்தான் தாளம் போடவே கற்றுக்கொண்டார்கள். மொத்தமே நாலைந்து சத்தம், வயிற்றைக் கலக்கும் ஒரு பேஸ் உறுமல், அவ்வளவுதான். எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை தாளம் புரண்டு படுக்கும். குரல் கிடையாது. குரலுக்கான இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். யாராவது மைக்கைப் பிடித்து அந்த இடத்தில் மடமடவென்று பேச வேண்டும். தாளம் புரண்டதும் மைக் அடுத்தவன் கைக்குப் போகும்.

தென்காசியில் எங்கள் மாடியில் நான் இதைப் போட்டால், தண்ணீர் மோட்டார் ஏன் இப்படி உறுமுகிறது என்று அப்பா கீழேயிருந்து கேட்பார். ஒருநாள் மாடிக்கே ஏறி வந்து, கைகட்டி நின்று முழுதாகக் கேட்டார். முடிந்ததும், "பாடுதவன் எங்கலே போனான்?" என்றார்.

நான்தான் இதற்குப் பேசப் போகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். படியிறங்கிப் போனார். எனக்கு வந்ததே ஒரு கோபம். என் வரவேற்பில், அவர் கண் முன்னால், தமிழில் பேசிக் காட்டி அந்த வாயால் 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை வாங்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். செங்கோட்டையில் எனக்கு வேலை. போகிற ரயிலிலும் வருகிற ரயிலிலும் வரிகளை முணுமுணுத்துப் பழகினேன். எதிர் சீட்டில் உட்கார்ந்தவர்கள் இடம் மாறிப் போனார்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். வேலையில் இருந்தவரை, சாரல் காலம் வந்தால் அவருக்குக் குற்றாலம் மெயின் அருவியில்தான் டூட்டி. கையில் மைக்கோடு நின்று குளித்தவர்களை வெளியே வரச் சொல்லி, காத்திருப்பவர்களை உள்ளே விடுவார். அருவிக்கு அடியில் நிற்பவன் தானாக வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தத் தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே அவர் குரல் தேறியது.

வரவேற்பு அன்று மைக் செட் அண்ணாச்சி பென்டிரைவைச் செருகினார். பேஸ் இறங்கியது. மண்டபத்து டியூப்லைட் எல்லாம் நடுங்கின. நான் மைக்கை வாயருகே கொண்டு போனேன். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. தாளம் ஒருமுறை புரண்டது, திரும்பவும் புரண்டது. என் பக்கத்தில் நின்ற புதுப் பெண்டாட்டி, "ஆரம்பிங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். அண்ணாச்சி மேடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, பாட்டு வரமாட்டேங்கு. பென்டிரைவ உருவி மாட்டட்டுமா?" என்றார்.

இதற்குள் மேடைப் படியில் கூட்டம் சிக்கிக்கொண்டது. பாட்டு முடிந்த பிறகு மேடைக்குப் போகலாம் என்று சிலர் நின்றுவிட, பரிசு கொடுத்தவர்கள் இறங்க வழியில்லாமல் முட்டினார்கள். அப்பாவால் தாங்க முடியவில்லை. என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"பரிசு குடுத்தவங்க இடது பக்கமா இறங்குங்க. போட்டோ எடுத்தவங்க நிக்காதீங்க. பிள்ளையளக் கையில பிடிச்சிக்கோங்க. எண்ணெய் தேச்சவங்க ஓரமா வாங்க."

கடைசி வரி அருவிக்கரைப் பழக்கதோஷம். ஆனாலும் என் பெரியப்பா ஒருவர் ஓரமாகப் போய் நின்றார். அதுவல்ல என் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு வரியும் பேஸ் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. எட்டுச் சுற்று முடிந்து தாளம் புரண்ட அதே நொடியில், "அடுத்த செட்டு உள்ள வாங்க" என்றார். மண்டபம் கைதட்டியது. என் மனைவி மாலை குலுங்க ஆடினாள். எனக்குப் பொறாமையில் காது சுட்டது.

படி காலியானது. அப்பா எங்கள் பக்கம் திரும்பி, மைக்கை இறக்காமல் சொன்னார்: "இப்பம் என் மவன் பேசுவான். எல்லாரும் சத்தம் போடாம கேளுங்க."

மண்டபம் அடங்கியது. மைக் என் கையில். சாரல், ரயில், காதல் என்று எதையெல்லாமோ எழுதி வைத்திருந்தேன். பந்தி நடக்கும் பக்கம் இலை விரித்திருப்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. பேஸ் விழுந்த இடத்தில், "சாப்பாடு ரெடி" என்று சொன்னேன்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெரியப்பா முதல் ஆளாக ஓடினார். பேஸ் ஓய்வதற்குள் வீடியோக்காரர் உட்பட அத்தனை பேரும் பந்திக்குப் போய்விட்டார்கள். மேடையில் நாங்கள் மூன்று பேர்தான். எனக்கு அழுகை முட்டியது. அப்பா காலி நாற்காலிகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த மாடிப் பார்வை அல்ல, வேறு.

"ஒத்த சொல்லுல மண்டபத்தையே காலி பண்ணிட்டியேலே. நல்லாப் பேசுன."

கேலியே இல்லை. மைக் என்பது கூட்டத்தை நகர்த்தத்தான் என்று நம்பும் மனிதர், மனதாரச் சொன்னார். நான் அழுதேவிட்டேன். பசி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எங்கள் இருவரையும் அப்பாவே பந்திக்கு நகர்த்திக்கொண்டு போனார்.