துண்டுக்குள் சொன்ன ஸ்டேஜ்

என் அக்கா புருஷன் உத்திராபதி மாட்டுத் தரகர். சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே எதிராளியின் விரல்களைப் பிடித்தே பேரம் பேசி முடிப்பார்கள். மாமா இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். எந்த எண்ணும் அவர் வாயிலிருந்து வராது. ரேஷன் கார்டுக்காக வயது கேட்க வந்தவரிடமும் துண்டை விரித்த மனிதர்.

2009இல் அவருடைய தொடையில் ஒரு கட்டி வந்தது. மாடு உதைத்த வீக்கம் என்று எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். அது சப்போட்டா அளவுக்கு வந்ததும் நான் சண்டை போட்டுச் சிதம்பரத்துக்கு இழுத்துப் போனேன். கட்டியில் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள்.

"சதையில வர்ற கேன்சர். ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர் தேவநாதன்.

"நம்மகிட்ட சாதாரண உருப்படியே வராது சார்" என்றார் மாமா. எனக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் போலிருந்தது.

கட்டியின் அளவு, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, செல் எவ்வளவு வேகமான ரகம், வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா, இவற்றை வைத்துத்தான் ஸ்டேஜ் சொல்வார்களாம். ஒன்றிலிருந்து நாலு வரை.

"இருக்குறதுலயே கொறச்சல்ல முடிச்சுக்குவோம் சார்" என்றார் மாமா.

"இது பேரமில்லீங்க. செல்லு வேகமான ரகம், அதனால ஒண்ணுக்கு எடமே இல்ல. கட்டி சின்னதுதான். பரவலன்னா ரெண்டு, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். பரவியிருந்தா நாலு. நெஞ்சு ஸ்கேன் பாத்தாதான் தெரியும்."

ஸ்கேன் எடுக்கக் கடலூருக்குப் போனோம். பஸ்ஸில் மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"கட்டி தொடையில. நெஞ்ச எதுக்கு மச்சான் பாக்குறாங்க?"

"இது பரவுனா மொதல்ல நுரையீரலுக்குத்தான் போவுமாம் மாமா."

"காலு நொண்டுற மாட்டுக்கும் வாயத் தொறந்து பல்லப் பாக்குறோம்ல. சரிதான்" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தக் கடைசி நம்பர் வந்துச்சுன்னா ஒங்கக்காகிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முடிவு சொல்லும் நாளில் அக்கா கொளஞ்சியம்மாளும் கூட வந்தாள். பேரம் நடக்கும் இடத்தில் வீட்டுப் பெண்கள் நிற்கக் கூடாது என்று அவளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார் மாமா. உள்ளே இன்னும் நாலைந்து நோயாளிகள் நின்றிருந்தார்கள். டாக்டர் தேவநாதன் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"சார், சொல்லாதீங்க" என்ற மாமா துண்டை விரித்துக் கையை நீட்டினார். "சபையில வேணாம். விரலப் புடிங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். பெருமூச்சு விட்டுவிட்டு, பாவம், அவரும் துண்டுக்குள் கையை விட்டார்.

மாமாவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. லாபமா நட்டமா என்று காட்டாத தரகர் முகம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துண்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அதற்குள் அவர் வெளியே போய்விட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். மாமா அவள் முன்னாலும் துண்டை விரித்தார். அவள் கையை நீட்டவில்லை. துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மாட்டு வெலய மறச்சீங்க, சும்மா இருந்தேன். இதயும் மறைப்பீங்களா? வாயத் தொறந்து சொல்லுங்க."

துண்டு போன கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார் மாமா. தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு" என்றார்.

அக்காவுக்குக் கேட்டதோ இல்லையோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியா காதுல விழல" என்றாள்.

"ரெண்டு, கொளஞ்சி, ரெண்டு" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னார் மாமா. "அந்தாளு நாலு வரைக்கும் போனாரு. நாந்தான் ரெண்டுல முடிச்சேன்."